அந்தக் கிழவிக்குப் பெயர் இல்லை

எங்கள் வாசகர் வட்டத்தில் மாதம் ஒரு கதையை எடுத்துக்கொண்டு பேசுவோம். பத்துப் பன்னிரண்டு பேர், ஒரு மொட்டை மாடி, நடுவில் ஒரு ஃபிளாஸ்க் டீ. அவ்வளவுதான் வட்டம். சென்ற மாதம் எடுத்துக்கொண்டது லியாம் ஓ’ஃப்ளாஹர்ட்டி எழுதிய ‘த ஸ்னைப்பர்’. நாலைந்து பக்கக் கதை. அயர்லாந்து உள்நாட்டுப் போர் நடந்துகொண்டிருந்தபோதே, 1923 ஜனவரியில், லண்டன் பத்திரிகை ஒன்றில் வெளிவந்தது.

கதை தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். டப்ளின் நகரம், ஜூன் மாத இரவு. ஓ’கானல் பாலத்துக்குப் பக்கத்தில் ஒரு கூரைமேல் குடியரசுப் படையைச் சேர்ந்த இளைஞன் துப்பாக்கியோடு படுத்திருக்கிறான். எதிர்க் கூரையில் புதிய அரசின் படையாள் ஒருவன். இருவரும் ஒருவரை ஒருவர் குறிவைத்துக் காத்திருக்கிறார்கள். இவனுக்குக் கையில் குண்டு பாய்கிறது. தொப்பியைத் துப்பாக்கி முனையில் மாட்டி நீட்டி, தான் செத்துவிட்டதாக எதிரியை நம்பவைத்து, அவன் எழுந்து நிற்கும்போது ரிவால்வரால் சுட்டுவிடுகிறான். பிறகு தெருவுக்கு இறங்கி வருகிறான். யாரைக் கொன்றோம் என்று பார்க்க ஆசை. பிணத்தைப் புரட்டினால், அது அவனுடைய உடன்பிறந்தவன்.

ஆங்கிலத்தில் ‘பிரதர்’ என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார். தமிழில் மொழிபெயர்க்கிறவர் இந்த இடத்தில் திண்டாடத்தான் வேண்டும். அண்ணனா, தம்பியா? கதையில் அதற்குத் துப்பு எதுவும் இல்லை. அந்தப் பிணத்தைப் பற்றி உறவுமுறையைத் தவிர வேறெதுவும் நமக்குச் சொல்லப்படுவதில்லை.

“கடைசி வரியில தூக்கிப் போட்டுடுச்சு சார்” என்றார் நண்பர் ஒருவர். எல்லோரும் தலையாட்டினார்கள். நான் கேட்டேன்: “அந்தக் கிழவி?”

“எந்தக் கிழவி?”

அங்கிருந்தவர்களில் இரண்டு பேருக்கு மட்டும்தான் நினைவிருந்தது. கதையின் நடுவில் ஒரு கவச வண்டி வந்து நிற்கிறது. கிழிந்த சால்வை போர்த்திய ஒரு மூதாட்டி வண்டியில் இருப்பவனிடம் கூரையைக் காட்டிக் கொடுக்கிறாள். நம் ஆள் முதலில் வண்டியின் மேல்தட்டில் தலை நீட்டியவனைச் சுடுகிறான். அடுத்து, ஓடுகிற கிழவியைச் சுடுகிறான். அவள் அலறிக்கொண்டு சுழன்று சாக்கடையில் விழுகிறாள். கதை உடனே அடுத்த வேலைக்குப் போய்விடுகிறது. நாமும்தான்.

இந்தக் கட்டுரை அந்தக் கிழவியைப் பற்றியது. அதாவது, உள்நாட்டுப் போரைப் பற்றி எழுதும்போது ‘அண்ணன் தம்பி’ என்ற உருவகத்தை நாம் ஏன் இவ்வளவு விரும்புகிறோம், அந்த விருப்பம் எதை நம் கண்ணிலிருந்து மறைக்கிறது என்பதைப் பற்றியது.

*

முதலில் கொஞ்சம் வரலாறு. அது இல்லாமல் இந்தப் படைப்புகளைப் பேச முடியாது.

1919 முதல் 1921 வரை பிரிட்டிஷ் ஆட்சியை எதிர்த்துக் கெரில்லாப் போர். 1921 ஜூலையில் சண்டை நிறுத்தம். டிசம்பர் 6 அன்று லண்டனில் உடன்படிக்கை. அதன்படி அயர்லாந்துக்குக் கிடைத்தது முழுக் குடியரசு அல்ல, பேரரசுக்குள் கனடாவைப் போல ஒரு டொமினியன் அந்தஸ்து. நாடாளுமன்ற உறுப்பினர்கள் மன்னருக்கு விசுவாசம் சொல்லிப் பிரமாணம் எடுக்கவேண்டும். வடக்கே ஆறு மாவட்டங்கள் ஏற்கெனவே பிரிக்கப்பட்டிருந்தன. உடன்படிக்கையில் கையெழுத்திட்ட மைக்கேல் காலின்ஸ், இது சுதந்திரம் அல்ல, சுதந்திரத்துக்குப் போகும் வழி என்று வாதாடினார். டி வலேரா ஏற்கவில்லை. 1922 ஜனவரி 7 அன்று டப்ளினில் டாயில் என்னும் மக்களவையில் வாக்கெடுப்பு: ஆதரவு 64, எதிர்ப்பு 57. ஏழே வாக்கு வித்தியாசம்.

படை இரண்டாகப் பிரிந்தது. ஏப்ரலில் எதிர்ப்பாளர்கள் டப்ளினின் ஃபோர் கோர்ட்ஸ் நீதிமன்ற வளாகத்தைக் கைப்பற்றி உட்கார்ந்தார்கள். ஜூன் 28 அதிகாலை காலின்ஸின் படை அதன்மேல் பீரங்கி வைத்துச் சுட ஆரம்பித்தது. அந்தப் பீரங்கிகள் பிரிட்டிஷ் இராணுவத்திடம் இரவல் வாங்கியவை. எந்த இராணுவத்தை விரட்டியதற்காகக் கொண்டாடினார்களோ, அதே இராணுவத்தின் பீரங்கி. இரண்டு நாளில் வளாகம் விழுந்தது. அதற்குள்ளேயே இருந்த பொது ஆவணக் காப்பகமும் வெடிப்பில் எரிந்துபோனது. பல நூற்றாண்டுகளின் உயில்களும் மக்கள்தொகைக் கணக்கேடுகளும் சாம்பலாகி ஊர்மேல் பறந்தன. ஓ’ஃப்ளாஹர்ட்டியின் கதை நடப்பது அந்த நாட்களில்தான்.

அடுத்த பத்து மாதங்களில் ஏறத்தாழ 1500 பேர் செத்தார்கள். பெரிய போர்களோடு ஒப்பிட்டால் சின்ன எண்ணிக்கை. ஆனால் அது சின்ன நாடு. கொன்றவனையும் செத்தவனையும் ஊரே அறிந்திருந்தது.

*

நண்பர் விடவில்லை. “நீங்க வரலாறு பேசறீங்க. வரலாற்றுலயே நெஜமாவே அண்ணன் தம்பி அடிச்சுக்கிட்டாங்களே சார்” என்றார். அது சரிதான். கார்க் மாவட்டத்து ஹேல்ஸ் சகோதரர்களை எடுத்துக்கொள்ளலாம். ஷான் ஹேல்ஸ் உடன்படிக்கையை ஆதரித்த மக்களவை உறுப்பினர். டாம் ஹேல்ஸ் எதிர்ப்பாளர். 1922 ஆகஸ்ட் 22 அன்று பேல் நா ப்ளாவில் காலின்ஸுக்காகப் பதுங்கிக் காத்திருந்த அணியை நடத்தியவர் டாம். காலின்ஸ் அன்று மாலை அங்கே சுடப்பட்டு இறந்தார்.

ஆனால் ஷான் ஹேல்ஸின் கதை அங்கே முடியவில்லை. ஐரிஷ் சுதந்திர அரசு முறைப்படி பிறந்தது 1922 டிசம்பர் 6. மறுநாள் டிசம்பர் 7 அன்று ஷான் ஹேல்ஸ் டப்ளின் தெருவில் சுட்டுக் கொல்லப்பட்டார். அதற்கும் மறுநாள் காலை, சிறையிலிருந்த ரோரி ஓ’கானர், லியாம் மெல்லோஸ், ஜோ மெக்கெல்வி, டிக் பாரெட் என்ற நால்வரைப் புதிய அரசு சுட்டுக் கொன்றது. நால்வரும் ஃபோர் கோர்ட்ஸ் விழுந்த நாளிலிருந்து, ஐந்து மாதத்துக்கும் மேலாகச் சிறையில் இருந்தவர்கள். ஹேல்ஸைக் கொன்றிருக்க வாய்ப்பே இல்லை. விசாரணை எதுவும் நடக்கவில்லை. அந்த முடிவுக்குச் சம்மதம் சொன்ன அமைச்சர்களில் ஒருவர் கெவின் ஓ’ஹிக்கின்ஸ். ஒரு வருடத்துக்கு முன் அவர் கல்யாணத்தில் மாப்பிள்ளைத் தோழனாக நின்றவர் இதே ரோரி ஓ’கானர். 1927ல் ஓ’ஹிக்கின்ஸும் சுடப்பட்டு இறந்தார்.

பிறந்த மூன்றாம் நாளே ஓர் அரசு செய்த காரியம் இது. பழிக்குப் பழி என்று மட்டும் சொல்லிக் கடந்துவிட முடியாது. போர் முடிவதற்குள் அந்த அரசு 77 பேருக்கு மரணதண்டனை நிறைவேற்றியது. முந்தைய போரில் பிரிட்டிஷார் நிறைவேற்றியது 24. இது யாரோ ஒரு தம்பி கோபத்தில் விசையை இழுத்த கதை அல்ல. மேசையைச் சுற்றி உட்கார்ந்து, காரணம் சொல்லி, கையெழுத்திட்டுச் செய்த கொலை. அரசு என்பது எப்படி அரசாகிறது என்ற கேள்வி இதில் இருக்கிறது. ‘அண்ணன் தம்பிச் சண்டை’ என்றதும் அந்தக் கேள்வி காணாமல் போய்விடுகிறது. வீட்டுச் சண்டையில் யாரும் குற்றவாளி இல்லை. விதி, போதாத காலம், என்ன செய்வது.

இன்னொன்றும் உண்டு. வீட்டுச் சண்டை என்றால் வீட்டாருக்குள் சமாதானமாகிவிடலாம். 1926ல் டி வலேரா ஃபியன்னா ஃபாயில் கட்சியைத் தொடங்கினார். மறு வருடம் மக்களவைக்குள் வந்தார். 1932ல் தேர்தலில் வென்றபோது, பத்து வருடத்துக்கு முன் அவரைச் சிறையில் அடைக்கத் தேடியவர்கள் அமைதியாக ஆட்சியை ஒப்படைத்தார்கள். சும்மா சொல்லக் கூடாது, இது பெரிய விஷயம். பல நாடுகளுக்கு வாய்க்காதது. போரின் இரு தரப்பிலிருந்தும் வந்த இரு கட்சிகளே மாறி மாறி நாட்டை ஆண்டன. 2020ல்தான் முதல்முறையாக ஒரே அமைச்சரவையில் உட்கார்ந்தன. குடும்பம் ஒருவழியாகச் சேர்ந்தது. ஆனால் அந்தக் குடும்பத்தில் கிழிந்த சால்வைக் கிழவிக்கு என்ன உறவுமுறை?

*

‘த ஸ்னைப்பர்’ கதைக்குத் திரும்புவோம். ஓ’ஃப்ளாஹர்ட்டி வெளியிலிருந்து வேடிக்கை பார்த்தவர் அல்ல. உடன்படிக்கை எதிர்ப்பாளர்கள் பக்கம் நின்றவர். அதற்கு முன் முதல் உலகப்போரிலும் இருந்தவர். கூரைமேல் படுத்திருப்பவனின் பசி, விஸ்கி வாய், தீக்குச்சி வெளிச்சத்தின் ஆபத்து எல்லாம் அவர் கைக்குள் இருக்கின்றன. உடம்பை எழுதத் தெரிந்தவர்.

நான் இரண்டாம் முறை வாசித்தபோது கவனித்தது இதுதான்: எதிரி கூரையிலிருந்து விழுந்ததுமே, அவன் யாரென்று தெரிவதற்கு முன்பே, நம் ஆளுக்கு நடுக்கம் வந்துவிடுகிறது. போர் வெறி இறங்கிவிடுகிறது. போரைச் சபிக்கிறான், தன்னையே சபிக்கிறான். கதையின் உண்மையான உச்சம் இது. முன்பின் தெரியாத ஒருவனைக் கொன்றதற்காக ஒருவன் உடைந்துபோகிறான். கதை அங்கேயே முடிந்திருந்தால் நாம் தூங்கியிருக்க மாட்டோம்.

ஆனால் கதாசிரியருக்கு அது போதவில்லை. கடைசி வரியில் உடன்பிறந்தவனைக் கொண்டுவருகிறார். உடனே அந்த நடுக்கத்துக்கு வேறு காரணம் கிடைத்துவிடுகிறது. அடடா, சொந்த ரத்தமாச்சே, அதனால்தான் என்று வாசகன் நிம்மதியாகப் புத்தகத்தை மூடுகிறான். முன்பின் தெரியாதவனுக்காக நாம் பட்டிருக்க வேண்டிய வலி, சொந்தக்காரனுக்கான வலியாகச் சுருங்கிவிடுகிறது. அந்த நடுக்கத்தில்கூடக் கிழவிக்குப் பங்கு கிடையாது. அவள் காட்டிக்கொடுத்தவள். கதை அவளுக்கு வைத்திருக்கும் ஒரே பெயர் அதுதான்.

ஓ’ஃப்ளாஹர்ட்டி தெரிந்தே செய்தார், வாசகன் கிழவியைக் கடந்துபோவதுதான் கதையின் பொறி என்று ஒருவர் வாதாடலாம். எங்கள் வட்டத்திலும் ஒருவர் வாதாடினார். எனக்கு ஒப்பவில்லை. பொறி என்றால் எங்காவது அது நம் காலைக் கவ்வவேண்டும். இந்தக் கதை நம்மை அவளிடம் திருப்பி அனுப்புவதே இல்லை.

*

கவ்வுகிற ஒரு படைப்பு உண்டு. ஷான் ஓ’கேசியின் நாடகம் ‘ஜூனோ அண்ட் த பேகாக்’. 1924 மார்ச்சில் டப்ளின் ஆபி தியேட்டரில் அரங்கேறியது. போர் ஓய்ந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. பார்வையாளர்களில் பலர் வீட்டில் துக்கம் ஆறாதவர்கள்.

இடம், டப்ளினில் ஏழைகள் அடைந்து வாழும் ஒரு பழைய கட்டடத்தில் இரண்டு அறைகள். போயில் குடும்பம். அப்பா ‘கேப்டன்’ போயில். வேலை என்றதும் கால் வலிக்கும். பேச்சில் பெருங்கப்பல் ஓட்டுவார். அம்மா ஜூனோதான் உழைத்துப் போடுகிறவள். மகள் மேரி. மகன் ஜானி: 1916 எழுச்சியில் இடுப்பில் அடிபட்டு, பிறகு நடந்த தெருச் சண்டையில் ஒரு கையையும் இழந்தவன். எந்நேரமும் பயந்து நடுங்குகிறான். மாதா படத்துக்கு முன் விளக்கு அணையக்கூடாது அவனுக்கு. ஏன் என்று நமக்கு மெதுவாகத் தெரிகிறது. தன் தோழனும் அதே கட்டடத்து அண்டை வீட்டுக்காரனுமான ராபி டான்கிரெட்டைக் காட்டிக்கொடுத்தவன் இவன்தான்.

இரண்டாம் அங்கத்தில் போயில் வீட்டில் விருந்து. ஏதோ ஒரு சொத்து வரப்போகிறது என்று கடன் வாங்கிப் புது நாற்காலி மேசை, கிராமபோன், பாட்டு. அந்த நேரத்தில் ராபியின் தாய் மாடியிலிருந்து இறங்கி வருகிறாள், மகனின் சவத்தை எதிர்கொள்ள. கொஞ்ச நேரம் எல்லோரும் பாட்டை நிறுத்துகிறார்கள். அனுதாபம் சொல்கிறார்கள். அவள் போனபிறகு ஜூனோவே சொல்கிறாள், அவன் எதிர்ப்பாளனாக அலைந்ததற்கு அந்த அம்மாவும் ஒரு காரணம் என்கிற மாதிரி. மறுபடி பாட்டு.

டான்கிரெட்டின் தாய் அந்தக் காட்சியில் சொல்லிப்போகும் ஒரு தகவலைப் பலர் தவறவிடுகிறார்கள். அவளுடைய பக்கத்து வீட்டுக்காரி மிஸஸ் மானின். அவள் மகன் புதிய அரசின் படைவீரன். அவன் செத்த பதுங்குத் தாக்குதலைத் தலைமையேற்று நடத்தியது ராபிதான் என்று பேசிக்கொள்கிறார்கள். இப்போது ராபியும் செத்துவிட்டான். இரண்டு தாய்களின் துக்கத்தையும் தராசின் இரு தட்டுகளாக அவளே நிறுத்திப் பார்க்கிறாள்.

மூன்றாம் அங்கத்தில் சொத்து பொய்த்துப் போகிறது. கடன்காரர்கள் சாமான்களைத் தூக்கிப்போகிறார்கள். மேரி வயிற்றில் பிள்ளையோடு கைவிடப்படுகிறாள். ஜானியை இரண்டு பேர் வந்து அழைத்துப்போய்ச் சுட்டுவிடுகிறார்கள். அப்போது ஜூனோ சொல்வதுதான் நாடகத்தின் உயிர். அந்த அம்மாள் அழுதபோது நான் ஏன் போதுமான அளவு வருந்தவில்லை என்று தன்னையே கேட்கிறாள். அவள் மகனை ஒரு தாயின் பிள்ளையாகப் பார்க்காமல், ஒரு கட்சிக்காரனாகப் பார்த்ததால்தானே என்கிறாள். பிறகு டான்கிரெட்டின் தாய் சொன்ன அதே பிரார்த்தனையை, அதே சொற்களில், இவள் சொல்கிறாள். சொந்தமாகப் புதிய சொற்களைத் தேடவில்லை. பக்கத்து வீட்டுக்காரியின் அழுகையைக் கடன் வாங்கிக்கொள்கிறாள்.

மானின், டான்கிரெட், போயில். மூன்று அம்மாக்கள். யாரும் யாருக்கும் ரத்தச் சொந்தமில்லை. ஒரே தண்ணீர்க் குழாய், ஒரே மாடிப்படி. ஓ’ஃப்ளாஹர்ட்டியின் கதை, பார்த்தாயா அவன் உன் சகோதரன் என்கிறது. ஓ’கேசியின் நாடகம், அவன் உன் சகோதரனாக இருந்தால்தான் அழுவாயா என்று கேட்கிறது. இரண்டாவது கேள்விக்குப் பதில் சொல்வது மிகக் கஷ்டம். ஜூனோவுக்கே தன் மகனைக் கொடுத்த பிறகுதான் அது உறைக்கிறது.

நாடகத்திலும் ஒரு குறை சொல்லலாம். ஆண்கள் எல்லாம் குடிகாரர்கள், வாய்ச்சொல் வீரர்கள், கோழைகள், பெண்கள் சுமப்பவர்கள். அரசியல் என்பதே ஆம்பளைகளின் வெட்டிப் பேச்சு என்று ஒரு பார்வையாளர் முடிவுகட்டிக்கொண்டு வீட்டுக்குப் போகலாம். அவர்கள் எதற்காகச் சண்டையிட்டார்கள் என்பது இந்த நாடகத்தில் ஏறக்குறைய இல்லை.

*

அந்த இடைவெளியை நிரப்பியது என்று நான் நினைப்பது ஒரு சினிமா. கென் லோச் இயக்கி, பால் லாவெர்ட்டி எழுதி, 2006ல் கான் விழாவில் தங்கப் பனை வாங்கிய ‘த விண்ட் தட் ஷேக்ஸ் த பார்லி’. இதிலும் சகோதரர்கள்தான்: டேமியன், டெடி. ஆனால் அவர்கள் சகோதரர்கள் என்பது முதல் காட்சியிலிருந்தே தெரியும். கடைசியில் திறந்து காட்ட ரகசியம் எதுவும் இல்லை. அதனால் நம் கவனம் வேறிடத்துக்குப் போகிறது.

முதலில் ஒரு நீதிமன்றக் காட்சி. போராளிகளே நடத்தும் குடியரசு நீதிமன்றம். ஏழைக் கிழவி ஒருத்தியிடம் வட்டிக்காரன் 500 சதவீதம் வட்டி வாங்கியிருக்கிறான். தீர்ப்பு கிழவிக்குச் சாதகமாக வருகிறது. டெடி அந்த வட்டிக்காரனைக் கையோடு வெளியே அழைத்துப்போய்விடுகிறான். ஏனென்றால் துப்பாக்கி வாங்கப் பணம் தருகிறவன் அவன். அரசு இன்னும் பிறக்கவில்லை; அது யாருக்கானது என்ற சண்டை அந்த அறையிலேயே தொடங்கிவிட்டது. உடன்படிக்கை பிறகு வருகிறது.

அடுத்தது கிறிஸ் ரெய்லி. நில உரிமையாளரின் மிரட்டலுக்குப் பயந்து காட்டிக்கொடுத்த சின்னப் பையன். டேமியன் அவனைச் சிறுவயதிலிருந்தே அறிவான். மருத்துவம் படித்தவன், தன் கையாலேயே அவனைச் சுடுகிறான். பிறகு பையனின் தாயிடம் போய்ச் சொல்கிறான். அவள் புதைத்த இடத்தைக் காட்டச் சொல்லி மணிக்கணக்காக அவன் பின்னால் நடந்து வருகிறாள். இனி உன் முகத்தை நான் பார்க்கவே கூடாது என்கிறாள். படத்தின் முடிவில் டெடி, தம்பியைச் சுட்டுக் கொன்றபிறகு, அவனுடைய கடைசிக் கடிதத்தை எடுத்துக்கொண்டு ஷினேடிடம் போகிறான். அவளும் கிட்டத்தட்ட அதையே சொல்லி அவனை விரட்டுகிறாள்.

இந்த எதிரொலிதான் படத்தின் பலம். டேமியனின் சாவுக்கு நாம் அழுகிற அதே கணத்தில் கிறிஸ் ரெய்லியின் தாய் நினைவுக்கு வருகிறாள். கூரைமேல் இருந்தவனுக்குக் கிடைக்காமல் போன கணக்கு இங்கே ஒருவழியாகக் கேட்கப்படுகிறது. காட்டிக்கொடுத்தவனுக்கும் ஒரு தாய் உண்டு, அவளும் நடந்து வருவாள்.

படத்தில் சில காட்சிகள் கட்சிக் கூட்டம் மாதிரி இருக்கின்றன என்பதை ஒப்புக்கொள்ளவேண்டும். சோஷலிசம் பேசுகிறவர்களுக்கே நல்ல வசனங்கள். நிஜத்தில் உடன்படிக்கையை எதிர்த்தவர்கள் எல்லோரும் ஏழைக்காக எதிர்க்கவில்லை. மக்களவை விவாதங்களில் நிலத்தைவிட, வடக்குப் பிரிவினையைவிட, மன்னருக்கான அந்தப் பிரமாணம்தான் அதிகம் அடிபட்டது. தான் விரும்பிய விவாதத்தை லோச் கொஞ்சம் உரக்கவே நடத்திக்கொள்கிறார். இருந்தாலும், எதற்காகச் செத்தார்கள் என்று கேட்பதும் செத்தவர்களுக்குச் செய்கிற மரியாதைதான். வெறுமனே ‘ஐயோ பாவம்’ என்பதைவிடப் பெரிய மரியாதை.

*

கூட்டம் முடிந்து மாடிப்படி இறங்கும்போது அந்த நண்பர் கேட்டார். “அப்போ அந்தக் கதையைப் படிக்க வேண்டாங்கறீங்களா?”

படிக்கவேண்டும். பள்ளிப் பிள்ளைகளுக்கும் சொல்லிக்கொடுக்கலாம். ஆனால் கடைசி வரியில் தூக்கிப் போட்டதும் புத்தகத்தை மூடிவிடக் கூடாது. ஒரு பக்கம் முன்னால் திரும்பிப் போகவேண்டும். அங்கே சாக்கடையில் ஒருத்தி கிடக்கிறாள். அவளுக்கு அந்த அரசும் இல்லை, இந்த அரசும் இல்லை. எதற்காகக் கூரையைக் காட்டினாள் என்று கதை கேட்கவில்லை. அவள் மகன் எந்தக் கூரையில் இருந்தானோ நமக்குத் தெரியாது.

அடுத்த மாதம் ‘ஜூனோ’ எடுத்திருக்கிறோம். நண்பரை டான்கிரெட் தாயின் பகுதியை உரக்க வாசிக்கச் சொல்லியிருக்கிறேன். மூன்றாம் அங்கத்தில் ஜூனோவின் பகுதியையும் அவரேதான் வாசிக்கவேண்டும்.